எண்ணறிவும் குழந்தை உள்ளமும்: ஸ்டனிஸ்லாஸ் டெஹானின் ஆய்வுப் பயணம்

இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டில் எழுதி முடித்த 'முகத்திமா'வில் கல்வி பற்றி அமைந்த பகுதிகள் இன்றும் ஆழ்ந்து கற்கத்தக்கவை. எண்கணிதத்தைப் பற்றிக் கூறுமிடத்து, பிள்ளைகளின் கல்வியை அக்கலையிலிருந்து தொடங்குவதே சிறந்தது என்று அவர் கருதுகிறார். தெளிவான அறிவையும் ஒழுங்கான நிறுவல்களையும் கொண்ட அக்கலையில் இளமையிலேயே பழகும் உள்ளம் சரியானதையே நாடப் பழகுகிறது. காலப்போக்கில் உண்மை பேசுதல் அதன் இயல்பாகிவிடுகிறது என்பது அவர் காட்டும் காரணமாகும். கணக்கை வெறும் கைத்தொழிற் கருவியாகக் கொள்ளாது, உள்ளத்தைப் பண்படுத்தும் பயிற்சியாகவும் கண்ட நோக்கு இது.

எமது வகுப்பறைகளில் இன்று நிகழ்வது இதற்கு மாறானது. ஏழெட்டு வயதிலேயே ஒரு பிள்ளைக்குக் 'கணக்கு வராது' என்று தீர்ப்பளிக்கப்பட்டுவிடுகிறது. பெற்றோர் அதைக் குடும்ப வழி வந்த குறையாக எண்ணி அமைதியடைகின்றனர். நாளடைவில் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. இத்தீர்ப்புக்கு ஆதாரம் உண்டா? கணித ஆற்றல் சிலருக்கு மட்டும் வாய்த்த தனிக்கொடையா, அன்றி மனிதர் யாவருக்கும் பொதுவாக அமைந்த ஒன்றா? இவ்வினாவைத் தம் வாழ்நாள் ஆய்வாக ஏற்றுக்கொண்டவர்களுள் பிரான்ஸ் நாட்டு நரம்பியல் விஞ்ஞானி ஸ்டனிஸ்லாஸ் டெஹான் முதன்மையானவர். அவரது ஆய்வுப் பயணத்தையும், அதனால் ஆசிரியரும் பெற்றோரும் அடையத்தக்க பயனையும் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிதத்திலிருந்து மூளைக்கு

டெஹான் 1965ஆம் ஆண்டு வட பிரான்ஸிலுள்ள ரூபே நகரில் பிறந்தார். பாரிஸின் புகழ்மிக்க உயர்கல்வி நிலையமாகிய எகோல் நோர்மால் சுப்பீரியரில் அவர் பயின்றது கணிதமாகும். மாணவப் பருவத்தில் அவர் கைக்குக் கிட்டிய ஒரு நூல் அவரது திசையையே மாற்றியது. நரம்பியல் அறிஞர் ஜான் பியேர் ஷான்ஜூ 1983இல் வெளியிட்ட 'நரம்பணு மனிதன்' என்னும் அந்நூல், சிந்தனையை மூளையின் உயிரணுக்களோடு தொடர்புபடுத்தி விளக்க முயன்ற ஒன்று. கணிதத்தைக் கற்றுக்கொண்டிருந்த இளைஞர், கணிதத்தைச் சிந்திக்கும் மூளை எத்தகையது என்று கேட்கத் தொடங்கினார். உளவியலாளர் ஜாக் மெஹ்லரின் வழிகாட்டலில் 1989இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பொஸ்னரிடம் மூளையைப் படம்பிடிக்கும் முறைகளைப் பயின்று நாடு திரும்பினார்.

அவரது தொடக்ககால ஆய்வொன்று மிக எளிய கேள்வியை மையமாகக் கொண்டது. திரையில் ஓர் இரட்டை இலக்க எண் தோன்றும். அது 65ஐ விடப் பெரியதா, சிறியதா என்று பார்ப்பவர் கூறவேண்டும். கல்வி கற்ற வயதுவந்தோருக்கு இது விளையாட்டுப் போன்றதே. ஆயினும் எண் 65ஐ நெருங்க நெருங்க விடையளிக்க எடுக்கும் நேரம் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே சென்றது. இலக்கங்களை மட்டும் பார்த்து விடை கூறுவதாயின் இத்தகைய சீரான மாற்றம் தோன்றக் காரணமில்லை. எழுதப்பட்ட எண்ணைக் கண்டதும் உள்ளம் அதை ஒரு நீளம் போன்ற, ஓர் எடை போன்ற அளவாக மாற்றி உணர்கிறது என்பதே டெஹானும் அவருடைய தோழர்களும் கண்ட முடிவு.

ஏறக்குறையக் கணித்த மனிதர்

நரம்பு மருத்துவர் லோரான் கோஹெனுடன் இணைந்து 1991இல் டெஹான் வெளியிட்ட ஆய்வு ஒரே ஒரு நோயாளியைப் பற்றியது. மூளையின் இடப்புறத்தில் ஏற்பட்ட குருதிக் கசிவினால் பேச்சும் எழுத்தும் கணக்கும் பெரிதும் குலைந்துபோன ஒருவர் அவர். இரண்டையும் இரண்டையும் கூட்டினால் மூன்று என்று அவர் கூறுவார். ஆனால் விடை ஒன்பது என்று காட்டினால், அது தவறு என்று உடனே மறுத்துவிடுவார். ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள் என்று கேட்டால் ஏறத்தாழ 350 என்பார். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 50 நிமிடம் என்பார். துல்லியமான எண் அவரை விட்டு நீங்கியிருந்தது. ஆயினும் அளவு பற்றிய உணர்வு எஞ்சியிருந்தது.

இந்நோயாளியிடமிருந்து பெற்ற தெளிவு டெஹானின் பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் அடித்தளமாயிற்று. எண்ணறிவு ஒரே பொருளன்று. அது பல பகுதிகள் இணைந்த ஓர் அமைப்பு. 'மூன்று' என்ற சொல், '3' என்ற குறி, மூன்று என்ற அளவின் உணர்வு ஆகியவை மூளையில் தனித்தனி இடங்களில் தங்கி ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. இவற்றுள் அளவுணர்வுக்குரிய இடம், உச்சிக்குச் சற்றுப் பின்னால், மூளையின் இரு பக்கங்களிலும் சுவர்மடலில் அமைந்த ஒரு மடிப்புப் பள்ளமாகும் என்பதைப் பின்னர் நடைபெற்ற படப்பிடிப்பு ஆய்வுகள் காட்டின. குறிப்பிட்டதோர் எண்ணிக்கைக்கு மட்டும் கிளர்ச்சியடையும் நரம்பணுக்கள் இருத்தல் வேண்டும் என்று 1993இல் டெஹானும் ஷான்ஜூவும் ஒரு கணினி மாதிரியின் வாயிலாக முன்வைத்தனர். 2002இல் அன்ட்ரியாஸ் நீடர், ஏர்ல் மில்லர் ஆகியோர் குரங்குகளின் மூளையில் அத்தகைய அணுக்களைக் கண்டறிந்தனர்.

குழந்தை கொண்டுவரும் முதல்

அளவுணர்வு பள்ளிக்கூடம் தந்த ஒன்றா? 1992இல் கரென் வின் என்ற உளவியலாளர் ஐந்து மாதக் குழந்தைகளிடம் நடத்திய சோதனை பலரையும் வியப்பிலாழ்த்தியது. குழந்தையின் கண்முன்னே ஒரு பொம்மை வைக்கப்பட்டுத் திரையால் மறைக்கப்படுகிறது. பின்னர் மற்றொரு பொம்மை திரைக்குப் பின்னே கொண்டுசெல்லப்படுகிறது. திரை விலகும்போது இரண்டுக்குப் பதில் ஒரு பொம்மையே இருந்தால், எதிர்பாராததைக் கண்டது போன்று குழந்தை நெடுநேரம் உற்றுநோக்குகிறது. டெஹானின் மாணவியாகிய வெரோனிக் இசார் தம் தோழர்களுடன் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பிறந்து சில நாட்களேயான சிசுக்களைப் பற்றியது. நான்கு ஒலியசைகளைத் தொடர்ந்து கேட்ட சிசு நான்கு உருவங்களையும், பன்னிரண்டு கேட்ட சிசு பன்னிரண்டு உருவங்களையும் அதிக நேரம் பார்த்தது. குழந்தை மருத்துவரும் சிசுக்களின் மூளையை ஆராய்பவருமாகிய கிஸ்லேன் டெஹான்-லம்பேர்ட்ஸ் இத்துறையில் டெஹானின் உடனுழைப்பாளர், அவரது துணைவியாருமாவார். அவர்கள் இசாருடன் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதக் குழந்தையின் மூளை எண்ணிக்கை மாறும்போது தனித்துக் காட்டும் துலங்கல் பதிவாயிற்று.

இவ்விடத்து அல்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்து 78ஆம் வசனத்தின் கருத்து நினைவுக்கு வருகிறது. மனிதர் எதையும் அறியாதோராய்த் தாய்மாரின் வயிற்றிலிருந்து வெளிக்கொணரப்படுவதையும், கேள்வியும் பார்வையும் உள்ளமும் அவர்களுக்கு அருளப்படுவதையும் அது உணர்த்துகிறது. அறிவு வேறு, அறிவைப் பெறுவதற்கான வாயில்கள் வேறு. சிசு எண்களின் பெயரை அறியாது, கூட்டலையும் அறியாது. ஆனால் அளவை உணரும் புலனோடு அது வருகிறது. ஆய்வுகூட முடிவுகள் திருத்தத்துக்கு உட்பட்டவை. ஆகவே வேத வசனத்தை அவற்றின் மீது ஊன்றி நிறுத்துவது முறையன்று. எனினும், இயல்பாய் அமைந்த தகைமைக்கும் முயன்று பெறும் அறிவுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சிந்திக்க இவ்விரண்டும் துணைசெய்கின்றன.

மொழியும் குறியீடும்

பிறவியில் அமைந்த இவ்வுணர்வு மட்டும் கணிதமாகிவிடாது. எட்டையும் பதினாறையும் அது எளிதில் பிரித்தறியும். பதினைந்தையும் பதினாறையும் பிரித்தறிய அதனால் இயலாது. இதற்குரிய தெளிவான சான்று பிரேசிலின் அமேசன் காட்டில் வாழும் முண்டுருக்கூ மக்களிடமிருந்து கிடைத்தது. அவர்களது மொழியில் ஐந்துக்கு மேல் எண்ணுப் பெயர்கள் இல்லை. உள்ள பெயர்களும் ஏறக்குறைய என்ற பொருளிலேயே வழங்குகின்றன. மொழியியலாளர் பியேர் பிகாவும் டெஹானின் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெருந்தொகைப் புள்ளிகளை ஒப்பிடுவதிலும் உத்தேசமாகக் கூட்டுவதிலும் அம்மக்கள் பிரெஞ்சு மக்களுக்கு இளைத்தவர் அல்லர். சிறு தொகையிலிருந்து சரியாகக் கழித்து விடை கூறும் இடத்திலேயே அவர்கள் தடுமாறினர்.

2008இல் வெளியான தொடர் ஆய்வு மேலும் நுண்ணியது. ஒரு கோட்டின் ஒரு முனையில் ஒரு புள்ளியையும் மறுமுனையில் பத்துப் புள்ளிகளையும் வைத்து, இடைப்பட்ட தொகைகளுக்குரிய இடத்தைக் காட்டும்படி கேட்டபோது, முண்டுருக்கூ மக்கள் சிறிய எண்களுக்கு அகன்ற இடமும் பெரிய எண்களுக்கு நெருக்கமான இடமும் கொடுத்தனர். பள்ளி செல்லத் தொடங்கும் வயதுப் பிள்ளைகளும் எங்கும் இவ்வாறே செய்கின்றனர். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம் அவர்களுக்குப் பெரிது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள தூரம் மிகச் சிறிது. எல்லா எண்களும் சம இடைவெளியில் நிற்கின்றன என்பது கல்வியினால் கிட்டும் அறிவு. தொடக்க வகுப்புப் பிள்ளை செய்யும் பல தவறுகள் அறிவின்மையின் அடையாளங்கள் அல்ல. ஓர் எண்ணுலகிலிருந்து மற்றோர் எண்ணுலகுக்குப் பெயரும் வழியில் நேரும் இடறல்கள்.

இவ்வழியில் மொழியின் பங்கு பெரிது. சீன மொழியில் பதினொன்றைப் 'பத்து ஒன்று' என்றே கூறுவர். மூன்று வயதில் சீனப் பிள்ளைக்கும் அமெரிக்கப் பிள்ளைக்கும் எண்ணுவதில் வேறுபாடு இல்லை. பத்தைக் கடக்குமிடத்தில்தான் அமெரிக்கப் பிள்ளை பின்தங்குகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பிரெஞ்சில் எண்பது 'நான்கு இருபது' ஆகும். அரபியில் இருபத்தைந்து 'ஐந்தும் இருபதும்' ஆகும். தமிழில் பதினொன்று, இருபத்தைந்து போன்றவை ஒழுங்காக அமைந்துள்ளன. எனினும் தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவற்றில் நூறும் ஆயிரமும் ஒலிப்பதால் சிறுபிள்ளை மயங்க இடமுண்டு. இம்மயக்கத்தை முன்னறிந்து கற்பிப்பது ஆசிரியரின் கடமையாகும்.

இலக்கங்களும் இவ்வாறே. இந்தியாவில் தோன்றிய பதின்ம முறையைப் பற்றி ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் அல்குவாரிஸ்மி நூல் எழுதினார். அது இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவைச் சென்றடைந்தது. பத்துக் குறிகளால் எந்த எண்ணையும் எழுதலாம் என்பது மனித இனம் பல நூற்றாண்டுகள் முயன்று அடைந்த பேறு. அதே அறிஞரின் அல்ஜப்ர் நூலில் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளுக்குரியது. ஆறிலொன்று, எட்டிலொன்று என்ற பங்குகளைத் துல்லியமாகப் பிரிப்பதில் ஒருவரின் உரிமை தங்கியிருக்கிறது; அங்கு 'ஏறக்குறைய' என்பதற்கு இடமில்லை. பல நூற்றாண்டுகள் முயன்று பெற்ற இம்முறையை ஆறு வயதுப் பிள்ளை சில மாதங்களில் கற்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதன் தடுமாற்றத்தைக் கண்டு பொறுமையிழப்பது எவ்வளவு அநீதி என்பது அப்போது விளங்கும்.

எழுதும் திசையும் எண்ணும் திசையும்

டெஹான் தம் தோழர்களுடன் 1993இல் வெளியிட்ட ஆய்வொன்று அரபு எழுத்து மரபோடு தொடர்புடையது. இடமிருந்து வலமாக எழுதும் பிரெஞ்சு மக்கள் சிறிய எண்களுக்கு இடக் கையாலும் பெரிய எண்களுக்கு வலக் கையாலும் விரைந்து விடையளித்தனர். அவர்களது உள்ளத்தில் எண்கள் இடமிருந்து வலமாக வரிசை கொண்டிருந்தன. பிரான்ஸுக்கு வந்து சில ஆண்டுகளேயான ஈரானிய மாணவரிடமோ இப்போக்கு எதிர்த்திசைக்குச் சாய்ந்தது. நெடுங்காலம் அங்கு வாழ்ந்தோர் பிரெஞ்சு மக்களை ஒத்திருந்தனர். சொற்களையும் எண்களையும் வலமிருந்து இடமாக வாசிக்கும் பலஸ்தீன மக்களிடம் எண்வரிசை வலமிருந்து இடமாகவே அமைந்துள்ளது என்று 2009இல் வேறு ஆய்வாளர் கண்டறிந்தனர். இடமிருந்து வலமான வரிசைக்கு ஓரளவு பிறவி அடிப்படையும் உண்டு என வாதிடுவோர் பின்னர் தோன்றினர். எவ்வாறாயினும், பண்பாட்டின் பழக்கம் எண்களைச் சிந்திக்கும் முறையிலும் பதிந்துவிடுகிறது என்பதை இவ்வாய்வுகள் புலப்படுத்துகின்றன.

ஆய்வுகூடத்திலிருந்து வகுப்பறைக்கு

1997இல் டெஹான் எழுதிய 'எண்ணுணர்வு' என்ற நூல் அவரை உலகறியச் செய்தது. 2005இல் கோலேஜ் து பிரான்ஸில் சோதனைசார் அறிகை உளவியல் பீடம் அவருக்கு வழங்கப்பட்டது. 2014இல் ஜியாகோமோ ரிசோலாட்டி, ட்ரெவர் ராபின்ஸ் ஆகியோருடன் மூளை ஆய்வுக்குரிய 'பிரெயின் பரிசு' கிட்டியது. ஆயினும் இப்பெருமைகளை விட, அவர் வகுப்பறையை நோக்கி நடந்த வழியே கல்வியாளரின் கவனத்துக்குரியது.

நூற்றுக்கு 3 முதல் 6 வரையான பிள்ளைகள், அறிவும் பார்வையும் பள்ளி வசதியும் குறைவின்றி இருந்தும், எண்களைக் கையாள்வதில் பெரும் இடர்ப்படுகின்றனர். கணிதக் கற்றல் இடர் எனப்படும் இந்நிலையிலுள்ள 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்காக அனா வில்சனும் டெஹானும் 'எண் ஓட்டம்' என்ற கணினி விளையாட்டை அமைத்து 2006இல் வெளியிட்டனர். ஒன்பது பிள்ளைகள் ஐந்து வாரம் அதில் பயின்றனர். எண்களை ஒப்பிடுவதிலும் கழித்தலிலும் முன்னேற்றம் தென்பட்டது. கூட்டலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சிறிய முயற்சியே எனினும், இடருக்குப் பெயர் சூட்டுவதோடு நின்றுவிடாது பயிற்சியால் அதை எதிர்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை அது தந்தது.

2018 ஜனவரியில் பிரான்ஸின் கல்வியமைச்சு அமைத்த தேசியக் கல்வி அறிவியல் பேரவைக்கு டெஹான் தலைவரானார். அதே ஆண்டில் வெளியான 'கற்றல்' பற்றிய நூலில், கற்றலுக்கு நான்கு தூண்களை அவர் வகுத்துரைத்தார். கவனம் முதலாவது. பிள்ளை தானே முயன்று ஈடுபடுதல் இரண்டாவது. தவறை உடனுக்குடன், தண்டனையின்றி உணர்த்துதல் மூன்றாவது. இடைவெளி விட்டு மீட்டலாலும் உறக்கத்தாலும் கற்றதை உறுதிப்படுத்துதல் நான்காவது. திருக்குர்ஆனை மனனம் செய்வோர் புதிய பாடத்தோடு பழைய பாடங்களையும் முறைவைத்து மீட்டும் வழக்கத்தை அறிந்தோருக்கு நான்காவது தூண் புதியதன்று. கண்டிப்பும் வன்மையும் மாணவனின் உள்ளத்தை ஒடுக்கிப் பொய்யையும் சூழ்ச்சியையும் வளர்க்கும் என்று எச்சரித்த இப்னு கல்தூனின் வாசகருக்கு மூன்றாவது தூணும் அந்நியமானதன்று. ஆனால் இவற்றை நாம் முன்னரே அறிந்திருந்தோம் என்று பெருமை பேசுவதால் பயனில்லை. எமது வகுப்பறைகளில் அவை எந்த அளவுக்கு நடைமுறையில் உள்ளன என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

டெஹானின் பணிக்கு எதிர்க்கருத்துகளும் உண்டு. மூளைப் படத்திலிருந்து நேராகக் கற்பித்தல் முறைக்குத் தாவ இயலாது என்று அமெரிக்க அறிஞர் ஜான் புரூயர் 1997இலேயே வாதிட்டார். வகுப்பறையின் வறுமை, நெரிசல், ஆசிரியர் பற்றாக்குறை ஆகியவற்றை ஆய்வுகூடம் காண்பதில்லை என்ற குறையும் கூறப்பட்டது. இவற்றில் உண்மை உண்டு. மூளை ஆய்வு பாடத்திட்டத்தை எழுதித் தராது. எந்த முறை பயன்தரும் என்பதை வகுப்பறையில் சோதித்தே அறியவேண்டும்.

மாணவியரும் கணிதமும்

அவ்வாறு நாடளாவிய முறையில் சோதித்ததன் விளைவே 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு. போலின் மார்ட்டினோவை முதல் ஆசிரியராகவும் டெஹானை இறுதி ஆசிரியராகவும் கொண்ட அது, 2018 முதல் நான்கு ஆண்டுகளில் பிரான்ஸின் முதலாம் வகுப்பில் சேர்ந்த 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மதிப்பீடுகளை ஆராய்ந்தது. பள்ளியில் சேரும் நாட்களில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடையே கணிதத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நான்கே மாதங்களில் ஆண்பிள்ளைகளுக்குச் சார்பான இடைவெளி தோன்றியது. ஓராண்டில் அது மேலும் விரிந்தது. செல்வர், வறியர் என்ற பேதமின்றி, எல்லாவகைப் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் இதுவே நிகழ்ந்தது. இடைவெளி பிள்ளையின் வயதை விடப் பள்ளியில் கழித்த காலத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

பெண்பிள்ளைக்குக் கணக்கு இயல்பிலேயே வராது என்ற பழங்கூற்று இதனால் வலுவிழக்கிறது. சமமாக வந்தவர்கள் வகுப்பறையில் சமமற்றவர்களாகின்றனர். ஆசிரியரின் எதிர்பார்ப்பா, வீட்டாரின் பேச்சா, போட்டித் தேர்வு உண்டாக்கும் அச்சமா என்பது இனி ஆராயப்படவேண்டியது. ஆனால் பிறவியின் மீது பழிபோட்டு ஒதுங்கும் வாய்ப்பு நமக்குக் குறைந்துவிட்டது. எமது சமூகத்தில் பெண்கல்வி பரவிவரும் இக்காலத்தில், மகளைக் கணிதப் பிரிவில் சேர்க்கத் தயங்கும் பெற்றோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

அமானிதமாகிய உள்ளம்

2016இல் மரி அமல்ரிக்குடன் சேர்ந்து தொழில்முறைக் கணிதவியலாளர் பதினைவரின் மூளையை டெஹான் ஆராய்ந்தார். உயர் கணிதக் கூற்றுகளைச் சிந்திக்கையில் அவர்களிடம் இயங்கியவை, எளிய எண்களை உணர்வதற்கும் பயன்படும் அதே பகுதிகளோடு பொருந்தின. பார்வையிழந்த கணிதவியலாளர் மூவரிடமும் அதே பகுதிகளே இயங்கின என்று 2018இல் வெளியான ஆய்வு கூறியது. சிசு கொண்டுவந்த எளிய அளவுணர்வுக்கும் பேரறிஞரின் கணிதத்துக்கும் இடையே அறுபடாத இழையொன்று ஓடுகிறது என்பதே இதன் பொருள்.

பிள்ளையின் உள்ளம் விலைமதிப்பற்ற தூய மாணிக்கம் போன்றது. பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பது இமாம் கஸ்ஸாலியின் கருத்து. எண்ணைப் பொறுத்தவரை அந்த அமானிதம் வெறுமையாக ஒப்படைக்கப்படவில்லை என்பதை டெஹானின் நாற்பதாண்டு ஆய்வு காட்டுகிறது. ஒரு சிறு முதலோடு அது வந்திருக்கிறது. அதைச் சொல்லாலும் குறியாலும் பொறுமையாலும் பெருக்குவது நமது பொறுப்பு. அடுத்த முறை ஒரு பிள்ளையைப் பார்த்துக் 'கணக்கு வராது' என்று கூற நேரும்போது, நாம் அதற்கு எவ்வாறு கற்பித்தோம் என்று நம்மையே ஒருகணம் கேட்டுக்கொள்வோமாக.